நடவு வேலைக்கு வாட்ச்சில் ஸ்டெப்ஸ் ஏறவில்லை, அவசரம்

குடமுருட்டி: அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் எவ்வளவு நடமாட்டம் என்று டாக்டர் எழுதிவரச் சொன்னார். வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். காலையிலிருந்து நடவு, ஆயிரம் ஸ்டெப்ஸ்கூட இல்லை. வண்டியில் பாபநாசம் போய்வந்ததற்கு அதைவிட அதிகம் காட்டுகிறது! பழுதா? நாளைக்குள் கடையில் மாற்ற வேண்டும்.

வெண்ணாறு: என்ன மாடல்? எந்தக் கை? வண்டி என்றால் மொபெட்டா, காரா?

பாமணி: சேறுதான். பின்பக்கப் பச்சை விளக்கை மறைத்தால் ஒன்றும் ஏறாது.

அரசலாறு: தம்பி, பச்சை விளக்கு நாடித்துடிப்புக்கு. ஸ்டெப்ஸை எண்ணுவது முடுக்கமானி, அதாவது அசைவை உணரும் சென்சார். பலமுறை எழுதியாகிவிட்டது, பழைய இழைகளை யார் படிக்கிறீர்கள்? அது காலைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டு சீராக ஆடினால் நடை என்று ஊகிக்கும், வண்டி குலுங்கினாலும் ஏமாறும். நடவில் கை ஓயாது, ஆகவே கூடத்தான் காட்ட வேண்டும். வாட்ச் பழுது.

கோரையாறு: அண்ணே, நீங்கள் வயலில் இறங்கியதில்லை போல. இடது கையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), அந்த முழங்கை தொடைமேல் ஊன்றியே கிடக்கும். பிரித்து நடுவது வலது கை. கால் பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அம்மா இடது கையில்தானே கட்டியிருக்கிறார்? வலதுக்கு மாற்றினால் நடும் குத்தெல்லாம் ஸ்டெப் ஆகலாம், அதுவும் பொய்க்கணக்கு.

வெண்ணாறு: ஸ்டெப்ஸை விடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதுங்கள். உழைப்பை அளக்க மெட் என்று ஓர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கிலோகலோரி. 4 மெட் வேலை என்று வைத்தால் 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 200. வாட்ச் சொல்லும் கலோரியையும் அப்படியே எடுக்காதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் 7 கருவிகளைச் சோதித்ததில் துடிப்பு பெரும்பாலும் சரியாக வந்தது, கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது. வெயிலுக்கு ஏறும் துடிப்பையும் உழைப்பில் சேர்த்துவிடும். அப்புறம், சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறார், சாயங்காலம் பாதத்தில் காயம் இருக்கிறதா பாருங்கள்.

அரசலாறு: அப்போது தினம் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்பதெல்லாம்?

பாமணி: 1965இல் ஜப்பானில் நடை எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது. அதிருக்கட்டும், இன்னும் யார் கையால் நடுகிறார்கள்? எங்கள் பக்கம் மெஷின்தான்.

கோரையாறு: மெஷினுக்குப் பாய் நாற்றங்கால் (நாற்றைப் பாய்போல எடுக்கும்படி வளர்ப்பது) விட வேண்டும். ஆழச்சேற்றில் இறக்கினால் இழுக்க டிராக்டர் நீங்கள் அனுப்புவீர்களா?

குடமுருட்டி: இடது கைதான். வாட்சைக் கடையில் மாற்றவில்லை. நோட்டு போட்டாச்சு. நன்றி.

பாமணி: டிராக்டர் எதற்கு, தண்ணீரை வடித்துவிட்டு இறக்குங்கள். ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போவதைவிட அது தேவலை.