டைகாமில் இருந்து எடுத்த பிவெக்: எஃப்ஏ சரி, இழைகள் மட்டும் தடம் மாறுகின்றன

கேள்வி:
மூளையின் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ (நீர் பரவும் திசையை அளந்து நரம்பு இழைகளைத் தடம் பிடிக்கும் ஸ்கேன்): சீமென்ஸ் 3 டெஸ்லா, பி=1000 (பரவலை எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்ற அளவு), 64 திசைகள், ஆக்சியல் (கிடைமட்ட) ஸ்லைஸ். டைகாம் (ஸ்கேனர் தரும் கோப்பு வடிவம்) படத்தை டிசிஎம்2நிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் நிஃப்டி (ஆய்வுக்கான கோப்பு வடிவம்) ஆக்கியாயிற்று. பிவெக்கை (ஒவ்வொரு படமும் எந்தத் திசையில் அளக்கப்பட்டது என்று சொல்லும் கோப்பு) மட்டும் டைகாம் ஹெடரில் உள்ள திசை எண்களை அப்படியே உருவி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறது. எஃப்ஏ (பரவல் எவ்வளவு ஒரே திசையில் இருக்கிறது என்ற அளவு) படம் சுத்தமாக வருகிறது, கலர் மேப்பில் (திசையை நிறமாகக் காட்டும் படம்) கார்பஸ் கலோசம் (மூளையின் இரு பாதிகளை இணைக்கும் இழைக் கட்டு) சிவப்புதான். ஆனால் அதன் முன் வளைவில் இழைகள் வளையாமல் பாதியில் நின்றுவிடுகின்றன. அடுத்து எம்ஆர்ட்ரிக்ஸுக்கு (இழைத் தடம் வரையும் மென்பொருள்) போக வேண்டும். எதைத் திருத்துவது?

பதில் 1:
ஒய் அச்சின் குறி தலைகீழாக இருக்கிறது. ஒரு அச்சின் குறி மாறினால் எஃப்ஏ மாறாது. கலர் மேப்பும் மாறாது, அது குறியைத் தள்ளிவிட்டு அளவை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் அந்த இரண்டையும் நம்பிப் பயனில்லை. முதன்மைத் திசையைக் கோடுகளாகப் போட்டு, ஆக்சியலில் முன் வளைவையும் கொரோனலில் (முன்-பின்னாகப் பிரிக்கும் வெட்டு) கலோசம் மேலே விரியும் இடத்தையும் பாருங்கள்.

காரணம் இது: டைகாம் திசைகள் நோயாளியின் உடல் அச்சில் உள்ளவை, ஒய் பின்பக்கம் நோக்கிக் கூடும். எஃப்எஸ்எல் (மூளைப் பட ஆய்வு மென்பொருள்) வடிவ பிவெக் படத்தின் வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அச்சில் இருக்க வேண்டும். டிசிஎம்2நிக்ஸ் வரிசைகளைக் கவிழ்ப்பதால் அங்கே ஒய் முன்பக்கம் கூடுகிறது.

குறியை மட்டும் மாற்றினால் நேர் ஆக்சியலுக்குத்தான் போதும். ஸ்லைஸ் சாய்ந்திருந்தால் டைகாம் ஹெடரில் ஸ்லைஸின் திசையைச் சொல்லும் 0020,0037 டேகின் முதல் மூன்று எண்கள் ஒரு வெக்டர், அடுத்த மூன்று இன்னொன்று, இரண்டின் குறுக்குப் பெருக்கல் மூன்றாவது. ஒவ்வொன்றோடும் திசையைப் புள்ளிப் பெருக்கல் செய்து, இரண்டாவதன் குறியை மாற்றுங்கள். நிஃப்டி மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட் நேர் எண்ணாக இருந்தால் எக்ஸ் குறியும் மாறும். உண்மையில் டிசிஎம்2நிக்ஸே பிவெக்கும் எழுதித் தருகிறது. அதை விட்டுவிட்டு ஏன் இந்தப் பாடு?

பதில் 2:
எம்ஆர்ட்ரிக்ஸின் திசை அட்டவணை வேறு வகை: திசைக்கு ஒரு வரி, நான்கு பத்தி, கடைசியில் பி மதிப்பு. அச்சும் வோக்சல் அச்சு அல்ல, ஸ்கேனர் அச்சு. கையால் வரிசை-பத்தி மாற்றி ஒட்டாதீர்கள். எம்ஆர்ட்ரிக்ஸின் எம்ஆர்கன்வர்ட் கட்டளையில் எஃப்எஸ்எல்கிராட் ஆப்ஷனுக்கு முதலில் பிவெக், பிறகு பிவால் (பி மதிப்புகள் உள்ள கோப்பு) கொடுத்து மிஃப் (எம்ஆர்ட்ரிக்ஸின் பட வடிவம்) ஆக்கினால் அட்டவணை படத்தோடே பயணிக்கும். சந்தேகம் இருந்தால் அதன் டிடபிள்யூஐகிராட்செக் கட்டளையை ஓட்டுங்கள்: எல்லா அச்சு மாற்றங்களையும் குறி மாற்றங்களையும் போட்டு, எதில் இழைகள் சராசரியாக நீளமாக ஓடுகின்றன என்று வரிசைப்படுத்தும். எஃப்எஸ்எல்லின் எடி (தலை அசைவையும் படச் சிதைவையும் திருத்தும் கருவி) ஓட்டியிருந்தால் அது சுழற்றித் தரும் பிவெக்தான் அடுத்த படிக்கு.

கேள்வி கேட்டவர்:
ஒய் மாற்றியதும் முன் வளைவு சரியாகிவிட்டது, நன்றி. இதே ஸ்கிரிப்ட் ஜிஇ, பிலிப்ஸுக்கு ஓடுமா?

பதில் 1:
ஓடாது. ஜிஇ திசைகளை உடல் அச்சில் அல்ல, ஃப்ரீக்வென்சி என்கோட் திசையை வைத்து எழுதுகிறது. படம் எந்த அச்சில் பதியப்பட்டது என்று சொல்லும் 0018,1312 டேகைப் பார்க்காமல் எக்ஸ், ஒய் இடம் மாறியிருக்கிறதா என்று தெரியாது. பி மதிப்பு 1000001000 என்று வந்தால் பயப்படாதீர்கள், 100 கோடியைக் கழித்தால் 1000. பிலிப்ஸில் தொடரின் கடைசியில் டிரேஸ் படம் (எல்லாத் திசைகளின் சராசரி) ஒட்டிக்கொண்டு வரலாம்: பி=1000, திசை 0 0 0. டென்சர் (எஃப்ஏவும் திசையும் கணக்கிடும் பரவல் மாதிரி) பொருத்தும் முன் அதைப் படத்திலிருந்தும் பிவெக், பிவால் என்ற இரண்டு கோப்புகளிலிருந்தும் சேர்த்தே நீக்குங்கள்.