மிசௌரி கிராமப் பள்ளி, வாரம் நான்கே நாள்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் கணவர் மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சி முடிந்ததும் சொந்த நாடு திரும்பவேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு பெற, 3 ஆண்டுகள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் கிராமப்புறத்தில் வேலை, ஜூலையில் குடும்பத்தோடு போகிறோம். அந்த ஊர்ப் பள்ளி மாவட்டத்தில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தொடக்கப்பள்ளி ஒன்று, உயர்நிலைப்பள்ளி ஒன்று, அவ்வளவுதான். சம்பளம் குறைவு என்று ஆசிரியர்கள் பெரிய ஊர்களுக்குப் போய்விடுவதால், அவர்களைத் தக்கவைக்க அந்த மாநிலத்தில் பல சின்னப் பள்ளி மாவட்டங்கள் செய்வதுபோல இங்கேயும் வாரம் நான்கு நாள்தான் பள்ளி, திங்கள்கிழமை விடுமுறை. ஆசிரியர்களுக்கு அது நியாயம்தான், ஆனால் நானும் வேலைக்குப் போகிறவள், ஏழு வயது மகளை அன்றைக்கு யாரிடம் விடுவது? பள்ளியிலேயே பணம் கட்டிப் பார்த்துக்கொள்வார்களா?

அப்புறம் பெரியவன் ஒன்பதாம் வகுப்பு. இவ்வளவு சின்னப் பள்ளியில் கால்குலஸ், இயற்பியல் எல்லாம் உண்டா, இல்லை கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) பாடங்களை ஆன்லைனில் எடுக்கவேண்டுமா? வீட்டு வாடகை ஒப்பந்தம் போடுவதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.