பட்டைகள் குறுக்கிடும் புள்ளியைத் தேடிப் போன அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

படிகத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் அதன் உந்தத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுகள்தான் பட்டைகள். அவற்றை நான் முதன்முதலில் கணக்கிட்ட படிகம் தாண்டலம் ஆர்சனைடு. 2015-இல் வெய்ல் புள்ளிகளையும் (இரண்டு பட்டைகள் தொடும் தனிப்புள்ளிகள்), அவற்றை மேற்பரப்பில் இணைக்கும் ஃபெர்மி வில்லையும், ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் ஒளிமின் உமிழ்வுச் சோதனையில் காட்டிய அதே பொருள். பட்டைப் படத்தில் பளிச்சென்று ஒரு பெருக்கல் குறி தெரியும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பின்-ஆர்பிட் இணைவு (எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பது) இல்லாமல் ஓட்டியபோது தெரியத்தான் செய்தது. இணைவைச் சேர்த்ததும் வெட்டிய இடமெல்லாம் விண்டுபோய்விட்டது. சமச்சீர்மை மிகுந்த, வழக்கமாக எல்லோரும் வரையும் உயர்சமச்சீர்க் கோடுகள் ஒன்றில்கூட இரண்டு பட்டைகளும் தொடவில்லை. உள்ளீட்டுக் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன், எல்லாம் சரி.

நான் தேடிய இடம்தான் தவறு. பட்டைப் படம் என்பது பிரில்லுவான் மண்டலத்துக்குள் (படிகத்தில் எலக்ட்ரானின் உந்தங்கள் அடங்கும் வெளி) நாம் போடும் சில ஒற்றையடிப் பாதைகள், அவ்வளவே. இரண்டு ஆற்றல் மட்டங்கள் தொட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று ஃபான் நொய்மனும் விக்னரும் 1929-லேயே சொல்லிவிட்டார்கள். முப்பரிமாணப் படிகத்தில் உந்தத்துக்கும் மூன்று கூறுகள் இருப்பதால், எந்தச் சமச்சீர்மையின் தயவும் இல்லாமல் நடுவெளியில் எங்கோ அவை தொட்டுக்கொள்ளலாம். இந்தப் படிகத்தில் இணைவு சேர்க்கும் முன்பு கண்ணாடித் தளத்தில் (பிரதிபலிப்புச் சமச்சீர் தளம்) வளையமாக இருந்த தொடுகை கலைந்து, தளத்தை விட்டுச் சற்றே விலகி 24 புள்ளிகளாக நிற்கிறது.

ஆற்றல் இடைவெளி குறையும் திசையிலேயே அடிமேல் அடி வைத்துப் போனேன். ஒரு புள்ளியில் இடைவெளி பூஜ்யத்தை நெருங்கியது. அதைச் சுற்றிச் சிறு கோளம் ஒன்றை எடுத்து, சின்னச் சின்னச் சதுரங்களாக்கி, விளிம்புகளில் அலைச்சார்பு திரும்பும் கோணங்களைக் கூட்டினேன். கூட்டுத்தொகையை 2π-ஆல் வகுத்தால் 1, வெய்ல் புள்ளியின் முத்திரை. தளத்துக்கு மறுபக்கம் −1. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

—

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சோடியம் பிஸ்மத் சேர்மத்தில் உண்மையான டிராக் தொடுகையையே (இரண்டு இரட்டைப் பட்டைகள் ஒரே புள்ளியில் தொடுவது) நான் தவறவிட்டேன். வரைபட நிரல் பட்டைகளை ஆற்றல் வரிசையில் நிறம் பூசியதால், வெட்டிக்கொண்ட இரண்டும் முட்டித் திரும்பியவை போலத் தெரிந்தன. மும்மடிச் சுழற்சி அச்சில் இரண்டுக்கும் சுழற்சி ஐகன்மதிப்பு (சுழற்றும்போது அலைச்சார்பு பெறும் பெருக்கெண்) வேறு. அதைப் பார்த்த பிறகுதான் அவை ஒன்றோடொன்று கலக்கவே முடியாது என்று புரிந்தது. நிறத்தை நம்பாதீர்கள், சமச்சீர் அடையாளத்தைப் பாருங்கள்.

—

நான் மின்தடை அளப்பவள். காந்தப்புலத்தை மின்னோட்டத்துக்கு இணையாக வைத்தபோது தடை குறைந்தது. வெய்ல் புள்ளிகளின் கைரல் பிறழ்வுதான் (இணையான புலங்களில் எலக்ட்ரான்கள் ஒரு வெய்ல் புள்ளியிலிருந்து எதிர்க்குறிப் புள்ளிக்கு மாறுவது) இது என்று குதித்துவிட்டேன். வெள்ளிப் பசையில் ஒட்டிய மின்னழுத்தக் கம்பிகளை மாதிரியின் விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கு மாற்றினேன். தடை ஏறியது!

எலக்ட்ரான் நகர்திறன் மிக அதிகமான படிகத்தில், புலம் வலுத்தால் மின்னோட்டம் முழு அகலத்துக்கும் பரவாமல் மின்னோட்டம் செலுத்தும் கம்பியிலிருந்து பீச்சாங்குழல் நீர்போல நேராகப் பாய்கிறது. விளிம்பில் மின்னழுத்தம் குறைவதைத் தடை குறைவதாக நான் படித்திருக்கிறேன். இப்போதெல்லாம் மாதிரியை நீளமாக, மெல்லியதாக வெட்டி, மின்னோட்ட முனைகளை இரு கடைசிப் பக்கங்களையும் முழுக்க மூடுமாறு பூசுகிறேன். மூன்று இடங்களில் அளந்து மூன்றும் ஒத்துப்போனால்தான் கைரல் என்ற சொல்லை நோட்டில் எழுதுவேன்.