லினக்ஸ் 0.11-ஐப் புது ஜிசிசியில் கம்பைல் செய்தபோது பட்ட பாடு

சி கோடுக்குள் நேரடியாக எழுதும் அசெம்பிளி (இன்லைன் அசெம்பிளி) எந்த ரெஜிஸ்டர்களை, அதாவது சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களை, மாற்றிவிடும் என்று கம்பைலருக்குச் சொல்வதுதான் கிளாபர் பட்டியல். அது பற்றிப் பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். லினக்ஸ் கெர்னலின் ஆரம்பகாலப் பதிப்பான 0.11 வந்தது 1991 டிசம்பரில், ஜிசிசி (சி கம்பைலர்) 1.40 காலத்துக் கோட். இன்றைய ஜிசிசியில் மேக் (கம்பைல் செய்யவைக்கும் கட்டளை) கொடுத்தால் இன்லைன் அசெம்பிளி வரும் பல இடங்களில் 'சாத்தியமில்லாத கட்டுப்பாடு' என்று எரர் கொட்டும். உதாரணமாக, நகலெடுக்கும் இடத்தில் இஎஸ்ஐ (மூல முகவரி), இடிஐ (சேருமிட முகவரி), இசிஎக்ஸ் (எண்ணிக்கை) என்ற மூன்று ரெஜிஸ்டர்களையும் இன்புட்டாகக் கொடுத்துவிட்டு அதே மூன்றைக் கிளாபரிலும் லைனஸ் எழுதியிருப்பார். அன்றைய ஜிசிசி அதை விட்டுவிட்டது, இன்றையது விடாது.

கிளாபரை அழித்துவிடு, கம்பைல் ஆகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆகும்தான், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள். பூட் ஆகும், ஷெல்லை ஏற்றும்போது விழுந்துவிடும். ஆப்ஜ்டம்ப் (கம்பைல் ஆனதை அசெம்பிளியாகக் காட்டும் கருவி) போட்டு பஃபர்.சி-யைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: நான்கு 1024 பைட் பிளாக்குகளை 4096 பைட் கொண்ட ஒரு நினைவகப் பக்கத்துக்குள் நகலெடுக்கும் லூப்பில், சேருமிடத்தின் முகவரியை ஜிசிசி இடிஐயிலேயே வைத்திருக்கிறது, நகலெடுக்கும் கட்டளை இடிஐயை ஏற்கெனவே 1024 நகர்த்திவிடுகிறது, அது தெரியாத ஜிசிசி தன் பங்குக்கு இன்னொரு 1024 கூட்டுகிறது. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் 2048. மூன்றாவது பிளாக் பக்கத்தைத் தாண்டி அடுத்தவர் நினைவகத்தில் போய் விழுகிறது.

சரியான வழி, மூன்று டம்மி மாறிகளை அவுட்புட்டாக வைத்து, இன்புட்டுகளை 0, 1, 2 என்று அவற்றோடு இணைத்து, கிளாபரில் 'மெமரி' மட்டும் போடுவது. அப்போதுதான் அந்த ரெஜிஸ்டர்கள் மாறுவது ஜிசிசிக்குத் தெரியும். பின்னாளில் லினக்ஸும் தன் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களை இப்படித்தான் மாற்றிக்கொண்டது.

ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டுத் தேடலாம் என்றால் இன்னொரு சிக்கல். அணைத்தால் ரெஜிஸ்டரில் எதுவும் தங்காது, நகலெடுப்பு சரியாக நடக்கும், பிழை ஒளிந்துகொள்ளும். அதோடு மெயின்.சி-யில் உள்ள ஃபோர்க் (புது ப்ராசஸை உருவாக்கும் ஃபங்ஷன்) அழைத்த இடத்திலேயே விரியாமல், அதாவது இன்லைன் ஆகாமல், சாதாரண ஃபங்ஷன் கால் ஆகிவிடும். முதல் இரண்டு ப்ராசஸ்களான டாஸ்க் 0, டாஸ்க் 1 இரண்டுக்கும் அங்கே ஒரே ஸ்டாக் என்பதால் ஒன்றின் ரிட்டர்ன் முகவரியை மற்றது அழித்துவிடும். அதற்கு 'ஆல்வேஸ் இன்லைன்' ஆட்ரிபியூட் போட்டே ஆக வேண்டும், அப்புறம்தான் டீபக்கரைத் திறப்பதில் அர்த்தம் இருக்கும்.