ஆறே மேட்ச் ஆடிவிட்டு பிளேஆஃபுக்கு வரலாமா? அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பார்க்கும் வேலூர்க்காரர்கள் யாராவது உண்டா?

பாலாறுவாசி (காட்பாடி) கேட்டது:

எல்லோருக்கும் 2021 பொங்கல் வாழ்த்துகள். நேற்று மாட்டுப் பொங்கல் முடிந்தது, இன்று காணும் பொங்கலுக்கு எங்கேயும் கிளம்பவில்லை, மிச்சக் கரும்பைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், ஆரணி, பழைய வட ஆற்காடு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பார்க்கிற ஆள் யாராவது இருக்கிறீர்களா? ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் போய் விழுவார்களே, அந்த ஃபுட்பால்.

எனக்கு இது கொரோனா கொடுத்த பழக்கம். என் தம்பி கொலம்பஸில் ஓஹையோ ஸ்டேட்டில் எம்.எஸ். படிக்கிறான். போன மார்ச்சில் விமானம் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டான். இங்கே நாங்கள் ஏப்ரல், மே முழுக்க எல்லோரும் செய்ததைத்தான் செய்தோம். லூடோ கிங், டால்கோனா காபி, தூர்தர்ஷனில் ராமாயணம், மொட்டை மாடியில் பட்டம். கேரம் பவுடர் தீர்ந்து கடையும் திறக்காததால் அப்பா முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டி ஆடினோம், ஸ்ட்ரைக்கர் நகரவே இல்லை, ஆனால் கூடமே மணத்தது. ஜூலை, ஆகஸ்டில் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்று வந்தபோது எல்லா விளையாட்டும் சலித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காத நிலைமைக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான் தம்பி இதை ஆரம்பித்தான். அவர்கள் காலேஜ் இருக்கும் பிக் டென் லீக், இந்த வருடம் ஆட்டமே கிடையாது என்று ஆகஸ்ட் 11 அன்று ஒத்திவைத்தது. செப்டம்பர் 16 அன்று, சரி ஆடலாம் என்று மாற்றிக்கொண்டது. அக்டோபர் 24, நெப்ராஸ்காவோடு முதல் மேட்ச், நமக்கு ராத்திரி ஒன்பதரை. அவன் செல்போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து டிவியைப் பார்த்து வைத்துவிட்டு வாட்ஸ்அப் வீடியோ காலில் எங்களுக்குக் காட்டினான். சரியாகப் பந்தை வீசும்போது படம் நின்றுவிடும். மறுபடி வரும்போது எல்லோரும் குவியலாகக் கிடப்பார்கள், பந்து எங்கே என்று தெரியாது, அம்மா "யாருக்காவது அடிபட்டுச்சா பாரு" என்பார். 52-17 என்று ஜெயித்தோம். ஆமாம், அன்றைக்கே "ஜெயித்தோம்" என்று சொல்ல ஆரம்பித்தாயிற்று.

இப்போது சண்டை. என் மச்சான் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவர், ராணிப்பேட்டையில் இருக்கிறார். அவர்கள் ஒன்பது மேட்ச் ஆடி எட்டு ஜெயித்தார்கள், ஆனால் கமிட்டி போட்ட வரிசையில் ஐந்தாவது இடம், பிளேஆஃபுக்கு எடுத்தது முதல் நாலு டீமைத்தான். ஓஹையோ ஸ்டேட் அதற்கு முன் ஆடியது மொத்தமே ஆறு மேட்ச், அத்தனையும் ஜெயம், மூன்றாவது இடம் கொடுத்து உள்ளே விட்டார்கள். பாதி சிலபஸ் படித்தவனுக்கு மெரிட்டில் சீட்டா என்று மச்சான் பொங்கல் பானை பொங்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆடிய ஆறையும் ஜெயித்தோம், மீதி நடக்காதது எங்கள் தப்பா என்கிறேன். யார் சரி?

இன்னொன்று, சீசன் முடிந்துவிட்டது. அடுத்தது செப்டம்பரில்தான். அதுவரைக்கும் சனிக்கிழமை ராத்திரியில் என்னதான் செய்வது?

கோட்டைவெளி சொன்னது:

நான் பார்க்கிறேன். அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், அங்கே இருந்துவிட்டு அலபாமா ஆளாக ஆகாமல் திரும்ப முடியாது, அக்கம்பக்கத்தில் விட மாட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை காலை உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அனுதாபங்கள். தேசிய ஃபைனலில் எங்கள் அலபாமா உங்கள் ஓஹையோ ஸ்டேட்டை 52-24 என்று அடித்தது. எங்கள் டெவோன்டா ஸ்மித் முதல் பாதியிலேயே 12 கேட்ச், 215 கஜம், மூன்று டச்டவுன் (கோல் மாதிரி). அதற்கு மேல் விரலில் அடிபட்டு இரண்டாம் பாதியில் அவர் அநேகமாக ஆடவே இல்லை. ஆடியிருந்தால் உங்கள் தம்பி போனை ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்து வீசியிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓஹையோவுக்கு ரத்தான மேட்ச் மூன்று. மேரிலாண்ட் மேட்ச் மேரிலாண்ட் டீமில் தொற்று பரவியதால் போனது, மிச்சிகன் மேட்ச் மிச்சிகன் டீமால். இல்லினாய் மேட்ச் மட்டும்தான் ஓஹையோ டீமிலேயே தொற்று வந்து ரத்தானது. ஆக மூன்றில் இரண்டு அவர்கள் கணக்கில் வராது. அந்த மிச்சிகன் மேட்ச் 1918 முதல் ஒரு வருடம்கூட விடாமல் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இரண்டாம் உலகப் போரில்கூட நிறுத்தாததை கொரோனா நிறுத்திவிட்டது.

ஆனால் உங்கள் மச்சானிடமும் நியாயம் இருக்கிறது, அதை அவர் தப்பான இடத்தில் பிடித்திருக்கிறார். லீக் ஃபைனல் ஆட குறைந்தது ஆறு மேட்ச் ஆடியிருக்க வேண்டும் என்று பிக் டென் தானே விதி போட்டது. ஓஹையோ ஐந்து மேட்சோடு நின்றதும் டிசம்பர் 9 அன்று அந்த விதியை எடுத்துவிட்டது, அவர்களின் ஆறாவது மேட்சே அந்த லீக் ஃபைனல்தான். அநியாயம் நடந்தது என்றால் அது இண்டியானாவுக்கு. அதுவரை ஏழு ஆடி ஆறு ஜெயித்தார்கள், தோற்றது ஓஹையோவிடம் மட்டும், அதுவும் 42-35. விதி அப்படியே இருந்திருந்தால் லீக் ஃபைனலுக்கு அவர்கள்தான் போயிருப்பார்கள். அவர்களுக்காக வாதாட ராணிப்பேட்டையில் ஆள் இல்லை போலிருக்கிறது.

ஏ அண்ட் எம் விஷயத்தில் ஒரே ஒரு ஸ்கோரை மட்டும் மச்சானுக்கு ஞாபகப்படுத்துங்கள். அக்டோபர் 3, அலபாமாவோடு அவர்கள் ஆடினார்கள். 52-24. தேசிய ஃபைனலில் ஓஹையோ வாங்கிய அதே ஸ்கோர், ஒரு பாயிண்ட் கூடக் குறையவில்லை. உள்ளே விட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

ஆரணி_தறி சொன்னது:

இன்னாபா இது, ஒரு எழவும் புரியலை. ரூல்ஸை நாலு வரியில் யாராவது சொல்லுங்கள். பாவு ஓட்டிக்கொண்டே செல்போனில் எதையாவது பார்ப்பேன், இதையும் பார்க்கிறேன்.

கோட்டைவெளி சொன்னது:

@ஆரணி_தறி, பந்து கையில் இருக்கும் டீமுக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் பத்து கஜம் முன்னேறினால் புதிதாக நாலு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிர் டீமுக்கு. நூறு கஜ மைதானத்தின் கோடி வரைக்கும் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 பாயிண்ட், அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. தூரத்திலிருந்தே உதைத்துக் கம்பத்துக்குள் விட்டால் 3. யூடியூபில் ஒரு மேட்சைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள். முழு மேட்ச் மூன்றரை மணி நேரம், அதில் பாதிக்கு மேல் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

சத்துவாச்சாரி அக்கா சொன்னது:

நான் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரருக்கு அட்லாண்டா கிளையண்ட், அவர்கள் மீட்டிங்கில் பேசுவதைச் சமையலறையிலிருந்து கேட்டே எனக்கு ஜார்ஜியா டீமில் பாதிப் பேர் பெயர் தெரியும். அதனால் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள் தம்பிகளா.

ஆறா ஒன்பதா என்று அடித்துக்கொள்கிறீர்கள், போன வருடம் ஆடியதே சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகஸ்டில் பிக் டென் ஏன் நிறுத்தியது? தொற்று வந்து போன பிறகு இதயத் தசையில் அழற்சி வருகிறதோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். நியாயமான பயம். பிறகு தினமும் டெஸ்ட் எடுக்கலாம், தொற்று வந்தவன் குறைந்தது 21 நாள் ஆட முடியாது, இதயத்தைப் பரிசோதித்துத்தான் விடுவோம் என்று ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் டெஸ்ட்! பிபிஇ கிட் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்களுக்கு, ஜுரம் வந்தால்தான் டெஸ்ட் என்று இருந்த நேரம் அது. படித்தபோது வயிறு எரிந்தது.

ஆடிய பிள்ளைகளுக்கு 2020 சீசனில் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவு மட்டும்தான். அந்த சீசனில் அலபாமா கோச்சாக இருந்த நிக் சேபனுக்கு வருடத்துக்கு 90 லட்சம் டாலருக்கு மேல். அந்தக் கோச்சுக்கே நவம்பரில் தொற்று வந்து ஆபர்ன் டீமோடு நடந்த மேட்சை வீட்டிலிருந்து பார்த்தார். ஜமார் சேஸ், பெனே சூவல், மைக்கா பார்சன்ஸ் மாதிரிப் பெரிய ஆட்டக்காரர்கள் இந்த சீசன் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள், அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். நவம்பர் 7 அன்று நோட்ர டேம், கிளெம்சனை 47-40 என்று ஜெயித்ததும் கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் கொட்டியதே, அதைப் பார்த்து எனக்கு அடுத்த பதினாலு நாள்தான் ஞாபகம் வந்தது. நர்ஸ் புத்தி.

ராத்திரி என்ன செய்வது என்று கேட்டீர்கள், தாயம் ஆடுங்கள். லூடோ கிங் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஊரடங்கில் எங்கள் மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டோம், பக்கத்து வீட்டுப் பாட்டி அவர்கள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், அவருக்காக என் மகள் கட்டை உருட்டுவாள். "எந்தக் காயை நகர்த்த?" என்று இங்கிருந்து கத்த வேண்டும். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் யார் காய் வெட்டுக்குள் இருக்கிறது என்பது மட்டும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே துல்லியமாகத் தெரியும். இன்றும் ஆடுகிறோம். கிரிக்கெட் ஓடினால்கூட டிவி பக்கம் யாரும் போவதில்லை.

ஆம்பூர்க்காரன் சொன்னது:

செப்டம்பர் வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள்? நம் சீசனே இப்போதுதான் ஆரம்பம். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் மாடு விடும் திருவிழா தொடங்கியாயிற்று. இந்த வருடம் பார்வையாளர்கள் பாதிப் பேர்தான், மாஸ்க், ஜுரம் பார்க்கும் மெஷின் என்று விதிகள் இருக்கின்றன. ஆனால் திருவிழா உண்டு.

எனக்கு ஃபுட்பால் பெரிதாகத் தெரியாது, வாணியம்பாடி ரோட்டில் தோல் கம்பெனியில் வேலை. ஆனால் இந்தத் திரியைப் படித்ததும் ஒன்று தோன்றியது. படித்த காலேஜுக்காக இருபது வருடம் கழித்தும் சண்டை போடுகிற மச்சானும், தன் ஊர்க் காளைக்காகச் சண்டை போடுகிற எங்கள் பெரியப்பாவும் ஒரே ஜாதி. காளைக்குப் பெயர், ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூபில் ஓட்ட வீடியோ. பக்கத்து ஊர்க் காளை ஒரு செகண்ட் குறைவாக ஓடிவிட்டது என்றால் செகண்ட் எடுத்தவன் கண்ணையே சந்தேகப்படுவார்கள். எங்கள் பெரியப்பா போன வருடத்து ஓட்டத்தின் செகண்ட் கணக்கை இன்றைக்கும் பாயிண்ட் வைத்துச் சொல்வார், சொந்தப் பேரனின் பிறந்தநாள் சொல்லத் தெரியாது. இன்னொரு பக்கம், மாட்டுக்கு அடிபடுகிறது, வேடிக்கை பார்க்கிறவனுக்கும் அடிபடுகிறது, ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. அதனால் அக்கா கேட்ட கேள்வி இங்கேயும் உண்டு. நானும் போய்ப் பார்க்கிறவன்தான்.

அப்புறம் அந்தப் பந்து. பன்றித்தோல் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்களாம், நம்பாதீர்கள். மாட்டுத்தோல்தான். மேலே சின்னச் சின்னப் புள்ளியாக அச்சு அழுத்தியிருப்பார்கள், பிடி வழுக்காமல் இருக்க. வில்சன் கம்பெனி ஓஹையோவில் ஏடா என்ற ஊரில் இன்னும் ஆட்களை வைத்துத்தான் தைக்கிறது. உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு ஆவி காட்டி இளக்கிப் புரட்டிப் போடுவார்கள். அந்த வேலை எப்படி இருக்கும் என்று எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தோள்பட்டை கழன்றுவிடும். உங்கள் தம்பி ஒரு பந்து கொண்டுவந்தால் எனக்குக் காட்டுங்கள், தோலைப் பார்க்க வேண்டும்.

பாலாறுவாசி (காட்பாடி) சொன்னது:

அனைவருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், முதல் நாளிலிருந்தே நான் இதைத்தானே கேட்டேன் என்கிறார். கொரோனா தடுப்பூசி இன்றைக்கு ஆரம்பித்திருக்கிறார்களே, உங்கள் பக்கம் எப்போது? போட்டுக்கொண்டதும் இங்கே எழுதுங்கள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதைப் பற்றி ஆயிரம் கேள்வி இருக்கிறது.

தாயக்கட்டை அப்பாவிடம் பித்தளையில் ஒரு ஜோடி இருந்தது, பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆம்பூர்க்காரன் அண்ணே, தம்பியிடம் பந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், விமான டிக்கெட் கிடைத்தால்தான்.

கோட்டைவெளி சொன்ன 52-24ஐ மச்சானுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில். அது அக்டோபரில், சீசனின் இரண்டாவது மேட்சில், அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, சீசன் கடைசியில் ஆரஞ்ச் பௌல் என்ற மேட்சில் நார்த் கரோலினாவை 41-27 என்று அடித்தோம், அதையும் அவரிடம் சொல் என்று. சொல்லிவிட்டேன். இதோடு விட மாட்டாராம், இங்கே கணக்கு தொடங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.