காட்டுப் பெட்டூனியாவில் எந்த வகையை நடுவது?

கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிப் பதினைந்து அடி நீளத்தில் ஒரு பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நண்பகல் வரை நேர் வெயில் விழும், அதன்பின் நிழல்தான். சென்ற ஆண்டு வழக்கமான பெட்டூனியாவை நட்டேன். தொடர்மழையில் பூக்கள் குழைந்து, தண்டுகள் அடியோடு அழுகி, ஒரே பருவத்தில் பாத்தி காலியாகிவிட்டது. ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டாத, அதே குழல் வடிவப் பூவுள்ள செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டபோது, காட்டுப் பெட்டூனியா என்று சொல்லி மூன்று செடிகளைக் காட்டினார்கள். ஒன்று ஒடுங்கிய இலைகளும் கருஞ்சிவப்பேறிய தண்டுமாக இடுப்பளவு உயர்ந்திருந்தது, இன்னொன்று அதே பூவோடு ஒரு சாண் உயரத்தில் கொத்தாக இருந்தது, மூன்றாவதன் இலையெங்கும் மெல்லிய மயிர் படர்ந்திருந்தது. இவற்றில் எது என் பாத்திக்குப் பொருந்தும்? வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் காய்கறித் தோட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதல் மறுமொழி:

பெயர்தான் குழப்புகிறது. நீங்கள் சென்ற ஆண்டு நட்ட பெட்டூனியா, தக்காளியும் கத்தரியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. நர்சரியில் பார்த்தவையோ கனகாம்பரமும் ஆடாதொடையும் சேர்ந்த குடும்பத்து ருயெல்லியாக்கள். பூவின் தோற்றம் ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸின் மருத்துவராகவும் தாவர அறிஞராகவும் இருந்த ழான் ருயெல்லின் நினைவாகத்தான் இந்தப் பேரினத்துக்கு ருயெல்லியா என்று பெயர் வந்தது.

உயரமானது ருயெல்லியா சிம்ப்ளெக்ஸ், அதாவது மெக்சிகன் பெட்டூனியா. குட்டையானது அதிலிருந்தே தேர்ந்தெடுத்த வகையாக இருக்கலாம். மயிரிலைச் செடி ருயெல்லியா ஹியூமிலிஸ் என்று நினைக்கிறேன். அது வட அமெரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது, ஓரடி முதல் இரண்டடி வரை வளரும், வறட்சியை நன்றாகத் தாங்கும். எல்லாவற்றிலும் பூ காலையில் மலர்ந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும் என்றாலும், மறுநாள் புதுப்பூக்கள் வந்துவிடுவதால் செடி வெறுமையாகத் தெரியாது. வேலிக்கு அப்பால் காய்கறித் தோட்டம் இருப்பதால் நான் மூன்றாவதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாம் மறுமொழி:

மெக்சிகன் பெட்டூனியாவை வளர்த்து, பிறகு அகற்றப் பாடுபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் நட்டவை மூன்றே தண்டுகள். மூன்றாம் ஆண்டில் அது பாத்தியைத் தாண்டி நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைத்தது, பிடுங்கிய இடத்தில் மண்ணுக்குள் எஞ்சிய வேர்த்தண்டுத் துண்டுகள் ஒவ்வொன்றும் மீண்டும் துளிர்த்தன. புளோரிடாவில் இதை ஊடுருவும் தாவரங்களின் பட்டியலில் வைத்திருப்பதில் எனக்குச் சிறிதும் வியப்பில்லை.

விதையின் வேகத்தையும் குறைவாக எண்ண வேண்டாம். பழுப்பேறி உலர்ந்த காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்து அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன். சில நொடிகள் எதுவும் நடக்கவில்லை, பிறகு 'டப்' என்ற ஒலியோடு காய் இரண்டாகப் பிளந்தது. தட்டையான விதைகளில் இரண்டு மட்டுமே கையில் எஞ்சின. நனைந்த அவற்றைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை பிசின்போல் எழும்பி விரலில் ஒட்டிக்கொண்டது. இதே பேரினத்தின் இன்னொரு இனத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, விதைகள் நொடிக்கு 1,600 முறைக்கும் மேல் சுழன்றபடி 7 மீட்டர் வரை பறப்பதாகக் காட்டியது. பதினைந்து அடிப் பாத்தியிலிருந்து உங்கள் வேலி அதைவிடத் தொலைவில் இருக்குமா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

அளந்து பார்த்தேன், வேலி 3 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்த உயரமான செடியின் நிறம் மனத்தைவிட்டு அகலவில்லை என்பதால் கேட்கிறேன்: விதை வைக்காத வகை என்று ஒன்று விற்கிறார்களே, அதை நடலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்:

விதை வைக்காத வகைகள் உண்மையிலேயே உண்டு. புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'மாயன்' வரிசை அப்படிப்பட்டது. ஆனால் விதை இல்லை என்பதும் பரவாது என்பதும் ஒன்றல்ல. 'பர்ப்பிள் ஷவர்ஸ்' என்ற வகை விதை வைக்காமலேயே வேர்த்தண்டால் தாராளமாகப் படரும். அந்த நிறம் வேண்டுமென்றால் மலட்டு வகையொன்றைப் பெரிய தொட்டியில், வடிநீர் மண்ணைத் தொடாதபடி ஒரு மேடையின்மேல் வைத்து வளர்க்கலாம். கவாத்துச் செய்த தண்டுகளைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், கணுவில் ஈரம் பட்டால் வேர் விட்டுவிடும்.

மூன்றாம் மறுமொழி:

ஹியூமிலிஸ் நடுவதானால் கவனிக்க வேண்டியது வடிகால்தான். பெட்டூனியா அழுகிய அதே பாத்தி என்பதால் மண்ணை ஓரடி ஆழம் கிளறிப் பருமணல் கலந்து, தரையைவிட அரையடி உயர்த்தி அமையுங்கள். எருவைக் குறைத்தே இடுங்கள், கொழுத்த மண்ணில் இலைதான் மிகும். ஈரமணலில் கலந்த விதையை ஓரிரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும். பொறுமை இல்லையென்றால் இளஞ்செடிகளை வாங்கி ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். குளிர் மிகுந்த பருவத்தில் செடி தரைமட்டம் வரை காய்ந்துபோவது இயல்பு. பட்டுப்போனதாக நினைத்துத் தோண்டிவிடாமல் இடத்தை ஒரு குச்சியால் அடையாளப்படுத்தி வையுங்கள், மற்றச் செடிகள் துளிர்த்த பிறகே இது தாமதமாக எழும்.

பருவத்தின் இறுதியில் மொட்டுப்போல் மூடியபடியே இருந்து காயாகும் பூக்களும் இதில் உண்டு. அவற்றை மலராத மொட்டுகள் என்று விட்டுவிட்டால் அந்தக் காய்களும் வெடிக்கும். வேலிப்பக்கம் இருக்கும் செடிகளில் மட்டுமாவது காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.