பேக்டரி கணக்கு வேலையை விட்டுவிட்டு எழுத உட்காரலாமா?

கோத்தகிரிப் பெண்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை வண்டி வந்ததும் எடைச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு சிறு விவசாயி பேரிலும் கிலோவை ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் முன்பணத்தைக் கழித்துப் பட்டுவாடா போட வேண்டும். வேலை மேல் வெறுப்பு இல்லை. ஆனால் மனசு முழுக்கக் கதையில்தான் இருக்கிறது.

என் அப்பாயி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டுக்களம், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பரா, கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்த பெண் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். சில கதைகள் சிற்றிதழ்களில் வந்தன. இப்போது ஒரு பதிப்பகம் தொகுப்பாகப் போடலாம் என்கிறது. ஆனால் முதலில் 35,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அதில் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கவும் ஒரு தொகையாம்.

வேலையை விட்டு ஒரு வருடம் நாவலில் உட்காரலாமா? அம்மாவுக்குத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு நெருங்குகிறது. அதன்பின் தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், வாடகை என் தலையில்தான் விழும். தம்பி காலேஜில் படிக்கிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புக்காரன்:
தங்கச்சி, நான் குன்னூரில் வளர்ந்தவன். இப்போது கோவையில் இருந்துகொண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது (அச்சுப்பிழை திருத்துவது), பிரதியைச் செம்மை செய்வது தொழில்.

முதலில் அந்த 35,000. கட்டாதீர்கள். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர் மற்ற கணக்கை எப்படிக் காட்டுவார்? வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் முறை வந்த பிறகு 50, 100 படிகள்கூடப் போட முடிகிறது. புதியவர் புத்தகத்துக்காகப் பதிப்பகம் பெரிய பணத்தை முடக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. கதை பிடித்திருந்தால் அவர்கள் செலவிலேயே போடட்டும்.

அடுத்தது வருமானம். ராயல்டி, அதாவது விற்கும் படிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கு, வழக்கமாக 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் என்றால் ஒரு படிக்கு 20 ரூபாய். 500 படி விற்றால் 10,000 ரூபாய். முதல் புத்தகம் அந்த 500ஐத் தொட இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். இதை நம்பி வாடகைக்கு வீடு பார்க்க முடியாது.

ஒப்பந்தம் வந்தால் பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். எத்தனை வருடத்துக்கு என்பது அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் சட்டப்படி 5 வருடம் என்றுதான் கொள்வார்கள். ஆனால் 'நிரந்தரமாக' என்று எழுதியிருந்தால் போச்சு. உங்கள் உரிமை உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும் இருப்பது. அதை லேசாக விடாதீர்கள்.

வேலையை விடுவது பற்றி: வண்ணதாசன் வங்கியில் இருந்துகொண்டே எழுதினார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். வேலையை உதறி வந்து எழுதிய அசோகமித்திரனும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்குப் படுவது வேறு. நாவல் காத்திருக்கும், அப்பாயியின் குரல் காத்திருக்காது. இன்றைக்கே போனில் பதிவு செய்யத் தொடங்குங்கள். மார்கழி, தையில் பனி விழுந்து கொழுந்து கருகினால் பேக்டரிக்கு இலை வரத்து குறையுமே, எழுத்தை அந்த மாதங்களில் வையுங்கள். மே மாதம் இலை வரத்து கூடும்போது பதிவு மட்டும் போதும்.

பண்ணைக்காடு டீச்சர்:
மேலே மெய்ப்புக்காரத் தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் 'வேலையில் இருந்துகொண்டே எழுது' என்பது ஆண்களுக்குச் சொல்வது போல இருக்கிறது. பேக்டரியிலிருந்து வந்ததும் இந்தப் பெண்ணுக்கு அடுப்படி இருக்கிறது, தண்ணீர் பிடிக்க வேண்டும், அப்பாயிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். எழுதும் நேரம் எங்கிருந்து வரும்?

நான் பழனி மலையில் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பெடுத்தவள். கொடைக்கானல் வானொலிக்கு அவ்வப்போது எழுதிக் கொடுத்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும், ஒரு பக்கம்கூட நகராது. மாமியாரிடம் நேராகவே பேசினேன்: இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அப்புறம்தான் நகர்ந்தது.

அதனால் அம்மா, முதலாளியிடம் பேசும் முன் உன் தம்பியிடம் பேசு. காலேஜ் போகிற பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதா? ராத்திரியில் இரண்டு மணி நேரம் வீடு உன்னை விட வேண்டும். அது கிடைக்கவே கிடைக்காது என்றால், வேலையை விட்டாலும் கிடைக்காது. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று இன்னும் நாலு வேலை வந்து சேரும்.

ஊட்டி மொழிபெயர்ப்பாளன்:
நான் வேலையை விட்டவன். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், விளம்பர வாசகம் என்று ஓடுகிறது. பணம் வருகிறது, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் வரும். ஒன்று சொல்ல வேண்டும்: பகல் முழுக்க அடுத்தவருக்காகத் தமிழ் எழுதிவிட்டு ராத்திரி என் கதைக்கு உட்கார்ந்தால் வாக்கியம் எழுவதே இல்லை. கணக்கு வேலை உங்கள் மொழியைத் தொடுவதில்லை. அது பெரிய வசதி.

முடிந்தால் 35 வயதுக்குள் புத்தகம் வரட்டும். சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது அந்த வயது வரைதான், பரிசு 50,000 ரூபாய்.

கோத்தகிரிப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. பதிப்பகத்துக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். வேலையை இப்போதைக்கு விடவில்லை. டீச்சரம்மா சொன்னதைத் தம்பியிடம் பேசினேன், ராத்திரிச் சமையலை அவன் பார்த்துக்கொள்கிறேன் என்றான். தையில் விடுப்புக் கேட்கப் போகிறேன். அப்பாயியிடம் போனை நீட்டினால்தான் வெட்கப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

மெய்ப்புக்காரன்:
போனை நீட்டாதீர்கள், முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பதிவாவது அவருக்குத் தெரிந்திருக்கட்டும், கண்ணில் படாமல் இருந்தால் போதும். அரிசி புடைக்கும்போது கப்பலில் அழுத அந்தப் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். மூன்று கதைகளைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.